முதலாளி பதில் சொன்ன நோயாளி

ஸ்கேன் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் வேலையை விட்டபோது இருந்த இயந்திரத்தைக் கண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எந்தக் கோணத்தில் ஈரல் நன்றாகத் தெரியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது வேறு. கையில் ஊசி இருக்கிறது. மேலே இருப்பவர் அவசரப்படுத்துகிறார். திரையில் தெரிவது இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். இரண்டில் எதைத் தவறாக எடுத்தாலும் ஆள் போய்விடுவான். அந்த நேரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்வது? எனக்கு அப்படிப்பட்ட காலைகள் சில வந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்கேன் டாக்டர். அந்த நாட்களில் எங்களிடம் வந்த ஈரல் கட்டிகளில் பெரும்பாலானவை அமீபா உண்டாக்கும் சீழ்க்கட்டிகள். கெட்ட தண்ணீரும் கள்ளுக்கடையும் சேர்ந்து செய்யும் வேலை அது. காய்ச்சல், விலாவில் வலி, திரையில் உருண்டையாக ஒரு கறுப்பு. மருந்துக்கு அடங்காவிட்டால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசியை இறக்கிச் சீழை உறிஞ்சி எடுப்போம். சாக்லேட் நிறத்தில் வரும். காலையில் முனகிக்கொண்டு வந்தவன் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். இத்தனை உடனடியாகப் பலன் தெரியும் வைத்தியம் நம் தொழிலில் குறைவு. அதனாலேயே அது எங்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. படத்தைப் பார்த்ததும் கை தானாக ஊசியைத் தேடும்.

அதே இடத்தில், ஏறக்குறைய அதே உருவத்தில் வரக்கூடிய இன்னொன்று உண்டு. ஹைடாடிட் என்னும் ஒட்டுண்ணி நீர்க்கட்டி. நாயின் குடலில் ஒரு சின்ன நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டை எப்படியோ மனிதன் வாய்க்குள் போனால், ஈரலில் தங்கி வருஷக்கணக்கில் ஒரு நீர்ப்பையாக வளரும். ஆட்டுக்கும் இதே கதிதான். அந்த ஆட்டின் ஈரலை நாய் தின்றால் புழு மறுபடி நாய்க்குப் போகும். பைக்குள் இருக்கும் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் உடம்பு அதைத் தாங்காது. ரத்த அழுத்தம் சரிந்து மேசையிலேயே முடிந்துவிடலாம். பிழைத்தாலும், சிந்திய இடத்திலெல்லாம் புதிய கட்டிகள் முளைக்கும். இன்று முன்கூட்டி மாத்திரை கொடுத்து, எல்லா ஏற்பாடுகளோடும் ஊசியாலேயே இதற்கும் வைத்தியம் செய்கிறார்கள். ஆனால் இன்னது என்று தெரிந்து குத்துவது ஒன்று, சீழ் என்று நினைத்துக் குத்துவது வேறொன்று.

ஹைடாடிட் ஆட்டு மந்தைகள் உள்ள ஊர்களின் நோய். எங்கள் ஊரில் அபூர்வம். அதனால்தான் ஆபத்து.

அன்று மேசையில் கிடந்தவன் பெயர் மணி. கரமனையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டலில் சமையல்காரன். வயிற்றின் மேல்பகுதியில் கை வைத்தால் துள்ளினான். நெற்றி அனலாகக் கொதித்தது. வார்டில் அமீபாவுக்கான மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. எனக்கு வந்த உத்தரவு ஒரே வரி: கட்டியைக் குத்தி எடுக்கவும்.

அவனுடன் வந்திருந்தவர் ஹோட்டல் முதலாளி ராமையர். நெற்றியில் சந்தனம், கையில் பிளாஸ்க். கேரளத்தில் வேலை செய்யும் உங்களுக்குப் பைஸ்டாண்டர் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட ஒருவர் இல்லாமல் இங்கே யாருக்கும் கட்டில் கிடைக்காது. மருந்து வாங்குவது, கஞ்சி கொண்டுவருவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. உறவெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு முதலாளிதான் பைஸ்டாண்டர். பைஸ்டாண்டரிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைக் கேட்டால் அவர் பதில் சொல்வார்.

"வலி எப்போலேர்ந்து மணி?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமா ஆக்கும் டாக்டர்" என்றார் ராமையர். "சாம்பார் அண்டாவைத் தூக்கறச்சே விளிம்பு வயித்துல இடிச்சுடுத்து. அன்னிக்கே உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. இவனுக்குக் கத்திரிக்காய் கொள்ளாது, கேட்டேளா. தின்னிருப்பன். அதுக்கப்புறம் ஜுரம்."

"குடிக்கற பழக்கம் உண்டா?"

"சிவ சிவா! நம்ம கடைப் பையன் டாக்டர். குளிச்சுத் திருநீறு இடாம அடுப்புப் பக்கம் வரமாட்டான்."

மணி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. தோலை மரக்கவைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பெரிய ஊசியைக் கையில் எடுத்தேன்.

குத்துவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கட்டி முழுவதையும் பார்ப்பது என் வழக்கம். அந்த நேரத்தில் மணி இருமினான். கறுப்புக்குள் அடியில் படிந்திருந்த ஏதோ ஒன்று, மாவு சலிக்கும்போது எழும் தூசி போல எழுந்து, மெதுவாகத் திரும்ப இறங்கியது. சீழிலும் தூசி உண்டு. ஆனால் சீழ் கெட்டியானது. அதில் தூசி இவ்வளவு லேசாக மிதந்து இறங்காது. ஸ்கேன் கருவியைச் சற்றுச் சாய்த்தேன். கட்டியின் ஓர் ஓரத்தில் சுவர் ஒற்றைக் கோடாக இல்லாமல், ஒட்டி ஓடும் இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரிந்தது. தெரிந்ததா, நான் அப்படி நினைத்தேனா என்று அப்போதே சந்தேகம்.

"மணி, இடது பக்கமா கொஞ்சம் திரும்பு."

"முடியல்லே சார்."

"ஒரே ஒரு தடவை."

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான். கட்டிக்குள் தூசி முழுவதும் பக்கம் மாறி, ஒரு மூச்சு நேரம் பனி பெய்வதுபோல் இறங்கியது. அதற்கு மேல் தாங்க முடியாமல் அலறிக்கொண்டு மல்லாந்துவிட்டான். நான் ஊசியைத் தட்டில் வைத்தேன். நாயோ ஆடோ வளர்த்ததுண்டா என்று கேட்டதற்கு, அதெல்லாம் கிடையாது என்று ராமையரே பதில் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊசியைக் கீழே வைப்பது துணிச்சல் அல்ல. அந்த நிமிஷத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எங்கள் சர்ஜரி சீஃப் மலையாளி, மெட்ராஸில் படித்தவர். என்னிடம் இரண்டு பாஷையும் கலந்துதான் பேசுவார். செய்தி போனதும் ஓ.பி.யிலிருந்து நேரே இறங்கி வந்தார்.

"என்ன நிறம்?"

"குத்தல்லை சார். ஹைடாடிடா இருக்கலாம்னு தோணுது."

"ஹைடாடிடோ? கரமனையிலோ?" சிரித்துவிட்டார். "எடோ, இட்லி சுடுற சாமிக்கு ஹைடாடிட் எவிடேந்து வரும்? நாய் உண்டோ? ஆடு உண்டோ?"

"இல்லைன்னுதான் சொல்றாங்க."

"பின்னே?"

நான் திரையில் கண்டதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மணியின் வயிற்றில் கை வைத்தார். அவன் துள்ளியதும் கையை எடுத்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என்னை வெளியே வரச்சொல்லித் தாழ்ந்த குரலில் பேசினார்.

"கட்டி ஈரலின் இடது பாகத்திலே. அதுக்கு மேலே ஹார்ட். சீழா இருந்து, நாம் சும்மா பார்த்துக்கொண்டு இருந்து, அது பொட்டினால் நேரே ஹார்ட்டைச் சுற்றி உள்ள உறையிலே போகும். அப்போ நீயும் உன் சம்சயமும் பாக்கி இருப்பீங்க. அவன் இருக்க மாட்டான்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. இடது பாகத்துச் சீழ்க்கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"ரத்தம் எடுத்து அனுப்பலாமா சார்?"

"வெளியூர் போய் ரிசல்ட் வரும்போது ஆளுக்கு அது வேண்டியிருக்காது" என்றார். "எனக்கு ஒரு காரணம் கொண்டா. ஸ்க்ரீனிலே கண்ட தூசி காரணம் அல்ல. ஓ.பி. முடிச்சு வருவேன். காரணம் இல்லேன்னா நீ குத்து. உனக்குக் கை வரல்லேன்னா நான் குத்துவேன்."

அவர் போய்விட்டார். நான் உள்ளே வந்தபோது ராமையர் மணியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

சி.டி. ஸ்கேன் அன்று நகரத்தில் வேறு ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. இந்த வலியோடு அவனை ஆம்புலன்ஸில் குலுக்கிக்கொண்டு போய், வழியில் கட்டி வெடித்தால்? அதை விட்டேன். மிச்சம் இருந்தது அவன் வாழ்க்கைக் கதை ஒன்றுதான். நாய், ஆடு. அவற்றோடு இவனுக்கு எங்காவது தொடர்பு இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் கண்ட பனி வெறும் கண்மயக்கம்.

"ராமையர், இந்த மருந்தை வாங்கிண்டு வாங்கோ. கொஞ்சம் அவசரம்."

"நான் இருந்தா அவனுக்கு ஒரு தைரியம் ஆக்கும் டாக்டர்."

"மருந்து வந்தா இன்னும் தைரியம்."

அவர் தயங்கித் தயங்கிப் போனார். நான் மணியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தமிழ்ப் பையன், நானும் தமிழ். மலையாள டாக்டர்களுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கும் என்று நம்பினேன்.

"மணி, பயப்படாதே. ஒண்ணு மட்டும் சொல்லு. நாய் வளர்த்திருக்கியா? சின்ன வயசுலயாவது?"

"இல்லே சார்."

"ஆடு?"

"இல்லே சார். ஆத்துல பசு இருந்தது."

"உனக்கு எந்த ஊர்?"

"திருநெல்வேலிப் பக்கம் சார்."

"எந்த அக்ரஹாரம்? எனக்கு அந்தப் பக்கமெல்லாம் சொந்தக்காரா இருக்கா."

அவன் கண் கூரைக்குப் போயிற்று. "சின்ன வயசுலயே வந்துட்டேன் சார். ஞாபகம் இல்லே."

காய்ச்சலில் பிதற்றுபவன்கூடத் தன் தெருவின் பெயரை மறக்க மாட்டான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் என்னைக் கண்டுதான் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

எனக்கு வீடு கரமனையில், அக்ரஹாரத் தெருவில். அந்த ஹோட்டலுக்கு முன்னால் தொங்கும் பலகையில் ஐயர் சமையல் என்று எழுதியிருக்கும். எங்கள் தெருவில் பாதிப்பேர் காலையில் அங்கேதான். நானும்தான். இவன் உள்ளேயிருந்து தோசை கொண்டுவந்து வைப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பலகையில் எழுதியிருப்பது பொய் என்றால், அதை அவன் என்னிடம், எங்கள் தெரு பாஷையில் கேட்கும் என்னிடம், எப்படிச் சொல்வான்? நான் எதைச் சாவி என்று நினைத்து வைத்திருந்தேனோ, அதுதான் அந்தக் கதவைப் பூட்டியிருந்தது.

இதைக் கண்டுபிடித்ததும் அவனை உலுக்கிக் கேட்கலாம் என்று ஒரு வேகம் வந்தது. உயிர் போகப்போகிறது, உண்மையைச் சொல் என்று. அப்படிக் கேட்டிருந்தால் அவன் இன்னும் இறுக மூடிக்கொண்டிருப்பான். நான் எழுந்து வெளியே வந்தேன்.

அப்போது எங்களிடம் பிந்து என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் இருந்தாள். வித்துராப் பக்கத்துப் பெண். எஸ்டேட் தொழிலாளர் லயன் வீடுகளில் தமிழ் கேட்டு வளர்ந்தவள். சத்தமாகச் சிரிப்பாள், அதற்காகத் திட்டும் வாங்குவாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "நோயைப் பற்றி எதுவும் கேட்காதே. அவன் சமையல்காரன் ஆவதற்கு முன் என்ன செய்தான் என்று மட்டும் கேள். நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

உள்ளே போனதும் அவள் அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு, "சேட்டா, இங்கே தோசை சுடுறதுக்கு முன்னாடி என்ன பணி?" என்று கேட்டிருக்கிறாள்.

அவன் கதவைப் பார்த்திருக்கிறான். "கரமனை டாக்டர் போயிட்டாரா?"

"போயாச்சு."

"மொதலாளி?"

"மருந்துக்கடையிலே பெரிய கியூ. இப்போ வரமாட்டார்."

"மேடம், வெளிய சொல்லிர மாட்டீகளே?"

அதுவரை எங்களிடம் ஆத்துல என்று பேசியவனின் பாஷை அந்த இடத்தில் மாறிவிட்டது என்று பிந்து சொன்னாள். அவளுக்குத் தெரிந்த எஸ்டேட் தமிழ் மாதிரியே இருந்ததாம்.

"நாங்க கிடை போடுறவுக மேடம். சங்கரன்கோயில் பக்கம். ஊர் ஊரா ஆட்டை ஓட்டிட்டுப் போயி வயல்ல மறிச்சுப் போடுவோம். உரத்துக்கு. நானும் ஆட்டோடதான் கெடப்பேன்."

"நாய் உண்டா கூட?"

"நாயி இல்லாம கிடையா? மழை பெஞ்சா நாயும் நானும் ஒரே சாக்குக்குள்ளதான்." அதைச் சொல்லும்போது அவ்வளவு வலியிலும் சிரித்தானாம். "அதுக்கு ஊட்டிட்டுத்தான் நான் திம்பேன்."

"ஆடு செத்துப்போனா என்ன செய்வீங்க?"

"அறுத்துத் திம்போம். ஈரல்ல கொப்புளம் கொப்புளமா தண்ணி கோத்திருந்தா அதை மட்டும் திங்கமாட்டோம். நாய்க்கு வீசிருவோம்."

பிந்து ஓடி வந்தாள். என்னிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நாயின் குடலுக்கும் ஆட்டின் ஈரலுக்கும் நடுவில் ஒரு சாக்குக்குள் அவன் தூங்கியிருக்கிறான். பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வட்டமாக வரைந்திருப்பதை அவன் தன் பிள்ளைப்பிராயமாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு அது தெரியாது.

"இன்னொண்ணு சார்" என்றாள் பிந்து. "நெஞ்சிலே தடிப்பு தடிப்பா வருது. இப்போ வர ஆரம்பிச்சது."

ராமையர் சொன்ன கத்திரிக்காய் ஞாபகம் வந்தது. அண்டா இடித்த அன்று உடம்பு தடித்தது. கத்திரிக்காயால் அல்ல; பை அன்றே லேசாகக் கீறி, கசிந்த நீர்தான் உடம்பைத் தடிக்கவைத்திருக்க வேண்டும். இப்போது மறுபடியும் கசிகிறது.

சீஃப் ஓ.பி.யை முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. நோயாளிகளுக்கு நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"கொப்புளம் உள்ள ஈரலை நாய்க்குக் கொடுத்தது அவன் சொன்னதோ, நீங்கள் சொல்லிக்கொடுத்ததோ?"

"அவனே சொன்னது சார். பிந்து அப்படிக் கேட்கவே இல்லை."

"அப்போ தியேட்டருக்குச் சொல்லு." எழுந்தார். "நீயும் வரணும். குத்தாதேன்னு சொன்னவன் நீயல்லவோ. வந்து நின்னு பாரு."

அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது நியாயம். ஒரு வைத்தியத்தை நிறுத்தினால், அதற்குப் பதிலாக நடப்பது உங்கள் பொறுப்பு. ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது.

தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர், ரத்த அழுத்தம் சரிந்தால் தூக்கி நிறுத்த, அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சீஃப் வயிற்றைத் திறந்ததும், ஈரலைச் சுற்றிக் கெட்டியான உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கினார். ஒரு துளி சிந்தினாலும் துணியில் விழவேண்டும், அங்கேயே புழு சாகவேண்டும். கட்டி இதயத்துக்குக் கீழே, ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்துகொண்டிருந்தது. அதில் அவர் ஊசியை இறக்கி உறிஞ்சினார்.

ஹைடாடிட் நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். சிரிஞ்சில் வந்தது கலங்கிய மஞ்சள்.

சீஃப் முகமூடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அது சீழாக இருந்தால், ஓர் ஊசியில் முடியவேண்டிய விஷயத்துக்காக, காய்ச்சலில் தளர்ந்த ஒருவனின் வயிற்றை நான் கிழிக்கவைத்திருக்கிறேன். பல நாள் பழுத்துப்போன ஹைடாடிடிலும் நீர் கலங்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்தது எதுவும் உதவவில்லை.

"பிரஷர் இறங்குது" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

சீஃபின் கைகள் அப்படியே நின்றன. ஊசியை வெளியே எடுக்கவும் இல்லை, மேலே உறிஞ்சவும் இல்லை. துளை அடைபட்டிருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

"இன்னும் இறங்குது. அட்ரினலின் போடறேன்."

"போடு."

மானிட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. வேகமாக அடித்து, தடுமாறி, மறுபடி வேகமாக. நான் எண்களைப் பார்க்கவில்லை. மயக்க மருந்து டாக்டரின் தோள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எப்போது தளர்கின்றனவோ அப்போது ஆபத்து போயிற்று என்று கணக்கு. நெடுநேரம் ஆனதுபோலத் தோன்றிய பிறகு அவை தளர்ந்தன.

"வந்துட்டான். சார், நீங்க தொடரலாம்."

சீஃப் மிச்சத்தை உறிஞ்சினார், உப்புநீரை உள்ளே விட்டுக் காத்திருந்தார், பிறகு கட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து வெள்ளையாக, இளநீர் வழுக்கை போல ஒரு தோல் சுருண்டு வந்தது. அதற்குள் வெந்த ஜவ்வரிசி போலப் பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கட்டி. தோலைக் கிழியாமல் மெதுவாக வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். தியேட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கேட்டது.

தையல் போடும்போதுதான் என்னிடம் பேசினார்.

"ஸ்கேன் ரூமிலே அட்ரினலின் எங்கே இருக்கு?"

"அலமாரியில் சார்."

"திறந்தோ, பூட்டியோ?"

"பூட்டி."

"சாவி?"

"சிஸ்டர்கிட்டே. அவங்க காலையிலே வார்டிலே இருப்பாங்க."

மறுநாள் அந்த அலமாரியின் பூட்டு கழற்றப்பட்டிருந்தது. யார் கழற்றச் சொன்னார்கள் என்று நானும் விசாரிக்கவில்லை.

மணி தேறினான். மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. கண் விழித்துப் பேச முடிந்ததும் அவன் பிந்துவிடம் கேட்டது ஒன்றுதான்: "மொதலாளிக்குத் தெரியுமா மேடம்?" வேலை போய்விடும் என்ற பயம். வயிற்றிலிருந்த கட்டி போயும் அது மட்டும் அவனுக்குள் அப்படியே இருந்தது. பிந்து என்னிடம் வந்தாள். நான் சீஃபிடம் சொன்னேன். நோய் எங்கிருந்து வந்தது என்று ராமையர் கேட்டால் என்ன சொல்வது என்று நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். கழுவாத கீரையிலிருந்தும் இது வரலாம். யாருக்கு எப்போது எதிலிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. இதில் பொய் எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாள், ராமையர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி நீட்டிவிட்டு, நான் எதிர்பார்த்ததையே கேட்டார்.

"எங்கேர்ந்து டாக்டர் இந்த வியாதி?"

"கழுவாத கீரையிலேர்ந்துகூட வரும் ராமையர். பல வருஷம் முன்னாடி எப்பவோ உள்ளே போயிருக்கும்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "நீங்க என்கிட்ட மறைக்க வேண்டாம். அவன் கிடைக்காரன் பையன். சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில கிளாஸ் கழுவிண்டிருந்தான். கையில ஒரு சுத்தம் உண்டாக்கும் அவனுக்கு. நான்தான் கூட்டிண்டு வந்தேன். இந்தப் பேச்செல்லாம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்."

எனக்குக் காபி கசந்தது. "உங்களுக்குத் தெரிஞ்சிருந்துமா? ராமையர், ஊசியை நான் கையில எடுத்தாச்சு. நீங்க பக்கத்துல நின்னுண்டிருந்தேள். அவன் அங்கேயே போயிருப்பான்."

"தெரியாதே எனக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு. நாய் உண்டா ஆடு உண்டான்னு நீங்க கேட்டப்போ, ஜாதி விசாரிக்கறேள்னு நினைச்சேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குத் தம்பி தங்கையெல்லாம் இருக்கா. அவன் சம்பாத்தியத்துலதான் அங்கே அடுப்பு எரியறது. விஷயம் வெளியில வந்தா அவனை நான் வெச்சுக்க முடியுமா, சொல்லுங்கோ? எனக்கு ஆட்சேபம் இல்லே. அடுக்களை இனிமேலும் அவனோடதுதான். சாப்பிட வரவா விடமாட்டா."

நான் மிச்சக் காபியைக் குடித்து முடித்தேன். அவர் இன்னும் கிட்டே வந்தார்.

"தெருவுல சொல்லிடுவேளோ?"

"என்ன ராமையர் இது? நான் டாக்டர். ஒரு நோயாளியைப் பத்தி வெளியில வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"டாக்டர்னு தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்றார். "நீங்க கரமனைக்காராளாச்சே."